ஐந்தாம் கட்டில் ஜெபம்

எழுபதுகளின் கடைசியில் வேலூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். தினமும் காலை டூட்டி தொடங்கும்போது வார்டு நடுவில் நின்று ஒருவர் ஜெபம் செய்ய வேண்டும். அந்த வாரம் என் முறை.

ஐந்தாம் கட்டிலில் கோவிந்தன், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவர். ஆறு நாள் அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். ஏழாம் நாள் விடியற்காலையில் இறந்துவிட்டார்.

எனக்கு ஆத்திரம். அன்று வார்டு நடுவில் நின்றேனே தவிர, வாயைத் திறக்கவில்லை.

துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்த அவர் மனைவி, "இன்னா சிஸ்டர், ஜெபம் பண்ணலயா?" என்றாள்.

"பண்ணி என்ன ஆச்சு? உங்க வீட்டுக்காரர் பிழைச்சாரா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கோபப்படவில்லை. "ஷாப்புல அவர 'ஏய்'னுதான் கூப்டுவாங்க. நீங்கதான் தினம் பேர் சொன்னீங்க. அதுக்காகவே காலைல முழிச்சினு இருப்பாரு. ஆறாவது கட்டில்ல புதுசா ஒருத்தர் வந்திருக்காரு. அவர் பேரச் சொல்லுங்க."

சார்ட்டில் பெயரைப் பார்த்துச் சொன்னேன். விசுவாசித்துத்தான் சொன்னேனா, தெரியாது. கடவுள் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. கடவுளே இல்லையென்றால், இல்லாத ஒருவர் மேல் இத்தனை வருஷம் கோபப்பட முடியுமா என்பதுதான் இப்போது என் எரிச்சல்.