எல்லோருக்கும் தம்பி

பூங்கா விடுதியில் அவனை எல்லோரும் தம்பி என்றே கூப்பிட்டார்கள். அவன் அக்கா கூப்பிடுவதைக் கேட்டு முதலில் சமையல்காரர் ஆரம்பித்தார்; அவர் வயதில் மூத்தவர், சரி. அப்புறம் அவனைவிடச் சின்னவளான ரிசப்ஷன் பெண், படகு ஓட்டுகிறவன், கடைசியில் தங்க வந்தவர்களின் குழந்தைகள்கூட. முப்பதைத் தாண்டி, முன்னந்தலையில் முடி கொட்டிக்கொண்டிருந்த ஒருவனிடம் ஒரு பொடிசு வந்து, பந்து கூரையில் மாட்டிக்கொண்டது தம்பி என்று அதிகாரம் பண்ணும். அவனும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போவான்.

அவன் தொழில் குழாய் வேலை. கோடை வந்தால் டவுனில் கையில் இருக்கும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, ஏரிக்கரைக் காட்டுக்குள் இருக்கும் இந்த விடுதிக்கு வந்துவிட வேண்டும். மேனேஜர் அவன் அக்காவின் கணவர். படுக்கை, துணிமணி, அறைகள் எல்லாம் அக்கா பொறுப்பு. பாய்லர், குழாய், விளக்கு, அடைத்துக்கொள்ளும் கழிவறை எல்லாம் அவன் தலையில். முதல் வருஷம் ஒத்தாசைக்கு என்றுதான் வந்தான். அதன் பிறகு வருகிறாயா என்று யாரும் கேட்டதில்லை. எந்த பஸ்ஸில் வருகிறான் என்று மட்டும் அத்தான் போனில் விசாரிப்பார்.

அத்தான் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. அப்பா திடீரென்று போய்ச் சேர்ந்தபோது, கல்யாணமான புதுசிலேயே மாமனார் வீட்டுப் பாரத்தைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்ட மனுஷன். மச்சானைத் தொழில் படிக்க வைத்தார். படுத்த படுக்கையான மாமியாரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகத் தூக்கி அலைந்தார். இதில் ஒன்றைக்கூட ஒரு நாளும் வாயெடுத்துச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டு மூட்டையைக் கட்டியிருக்கலாம்.

இந்த வருஷம் அவனோடு படித்த கூட்டாளி ஒருவன் புதுக் குடியிருப்பு ஒன்றுக்குக் குழாய் போடும் வேலையைப் பிடித்திருந்தான். சீசன் முடிந்த கையோடு வர வேண்டும், வந்தால் பாதியில் ஓடக்கூடாது, முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடு என்று போனில் கறாராகச் சொன்னான். விடுதியில் படகுத்துறையின் நுனியில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். தம்பி அங்கே நின்றுகொண்டு, வருகிறேன், சத்தியமாக வருகிறேன் என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னான்.

கடைசி விருந்தாளிகள் கிளம்பிப் போனதும் குளிர்காலத்துக்காக விடுதியை மூடும் வேலை தொடங்கியது. மெத்தைகளைச் சுவரோடு நிமிர்த்தி வைத்தார்கள். படகுகளைக் கரைக்கு இழுத்துக் கவிழ்த்தார்கள். குளிரில் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடித்துவிடும் என்பதால் தம்பி ஒவ்வொரு அறையாகப் போய்த் தண்ணீரை வடித்தான். காலியான குழாய் கடைசியில் ஒரு ஏப்பம் விடும். அதைக் கேட்டால்தான் அடுத்த அறைக்குப் போவான்.

அன்று மதியச் சாப்பாட்டில், எல்லோரும் கூடியிருக்கும்போது அத்தான் அந்தச் செய்தியைச் சொன்னார். குளிர்காலம் முழுக்க விடுதியிலேயே ஒரு ஆள் தங்கிக் காவல் பார்க்க வேண்டும் என்று முதலாளி விரும்புகிறாராம். போன வருஷம் கூரை ஒழுகி இரண்டு அறை பாழாகிவிட்டது. 'வெளியாளை எதுக்குத் தேடணும், நம்ம தம்பி இருக்கும்போது. நான் சொல்லிட்டேன்' என்றார் அத்தான். சமையல்காரர் தலையாட்டினார். ரிசப்ஷன் பெண், அப்போ தம்பிக்கு ஜாலி, விடுதியே சொந்தம் என்றாள். தம்பி வாயிலிருந்த கவளத்தை மென்றான், மென்றுகொண்டே இருந்தான். விழுங்கி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

மறுநாள் காலை எப்படியும் சொல்லிவிடுவது என்று ஆபீஸ் அறைக்குப் போனான். அத்தான் சாவிகளைக் குவித்து வைத்துச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். வா தம்பி, இதைப் பிடி என்று ஒரு கொத்தை நீட்டினார். அவன் பிடித்தான். ஒட்டி முடித்ததும், எல்லாச் சாவியும் இனி உன் கையில்தான் என்று முதுகில் தட்டினார். இவன் எதற்கு வந்தான் என்பது அவருக்குத் தெரியாது. இவனும் சொல்லாமல் வெளியே வந்தான். கூட்டாளிக்கு என்ன பதில் சொல்வது? போனை எடுத்துப் பார்த்துவிட்டு, படகுத்துறைப் பக்கம் போகாமலே சுற்றிக்கொண்டிருந்தான்.

அதற்கும் மேல், அன்று டவுனுக்குப் போய் வந்த அத்தான் அவனுக்கு ஒரு கோட்டு வாங்கி வந்தார். உள்ளே கம்பளி வைத்துத் தைத்த கனமான கோட்டு. போட்டுப் பார் என்று நிற்க வைத்து, தானே ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, அளவெடுத்த மாதிரி இருக்கிறது என்று நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் போன பிறகு கழற்றப் பார்த்தால் ஜிப் நகரவில்லை. துணியைக் கவ்விக்கொண்டு மோவாய்க்குக் கீழே நின்றுவிட்டது. வேர்த்துக் கொட்டியது. தலைவழியாக உருவவும் முடியவில்லை. சலவை அறைக்கு அக்காவைத் தேடிப் போனான்.

அக்கா சோப்புக் கட்டியை எடுத்து ஜிப்பின் பல்லில் தேய்த்தாள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து மோவாயை உயர்த்திக் காட்டினான்.

'உனக்கு இங்க இருக்க இஷ்டமா?' என்று அவள் கேட்டாள்.

'அத்தான் வாக்குக் கொடுத்துட்டாரு.'

'அதை நான் கேட்கல.'

அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கூட்டாளி, புது வேலை, படகுத்துறையில் பண்ணிய சத்தியம், எல்லாம். வருஷா வருஷம் அவளுக்காகத்தான் வந்தேன் என்பதையும் சொன்னான். அவன் வராமல் போனால் அத்தான் அவளைக் குத்திக் காட்டுவாரோ என்ற பயம்.

அக்காவின் கை நின்றது. 'எனக்காகவா? உனக்கு டவுன்ல வேலை சரியா இல்லைன்னு அவர் சொன்னாரு. நான் வந்தாத்தான் நீயும் வருவே, பட்டினி கிடக்கக் கூடாதேன்னுதான்டா நான் இங்க வந்துக்கிட்டிருக்கேன். இல்லேன்னா இந்த ஈரத்துணியை எவ துவைப்பா?'

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே படகுக்காரன் பலகை அடிக்கும் சத்தம் கேட்டது. அக்கா மறுபடி சோப்பைத் தேய்த்தாள். அவனைப் பார்க்காமலே சொன்னாள்.

'குளிர்காலத்துக்கு நான் இருக்கேன். நீ போ.'

அவன் பதறிப்போனான். இந்தக் காட்டில் தனியாகவா, ஆள் அரவம் இருக்காதே, பைத்தியமா உனக்கு என்றான்.

'ஆள் அரவம் இல்லைன்னுதான் கேட்கிறேன்' என்றாள் அக்கா. 'சாப்பாடு ஆச்சா, துணி ஆச்சா, அந்தச் சாவி எங்கேன்னு யாரும் கேட்காம கொஞ்ச நாள். நான் யார்கிட்டயும் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை.' ஜிப் விட்டுக்கொடுத்தது. கோட்டை உருவி, தன் மேல் வைத்துப் பார்த்து, மடித்து அலமாரியில் தன் புடவைகளோடு வைத்துக்கொண்டாள்.

அத்தானிடம் அவளே சொன்னாள். முதலில் அவர் வேடிக்கைப் பேச்சு என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு பொம்பளை தனியாக எப்படி என்றார். முதலாளி என்ன நினைப்பார் என்றார். முதலாளியோ, விளக்கெரிந்தால் போதும், யார் இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டார். கடைசியில், அப்போ என் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி தம்பி கேட்டதே இல்லை. நீங்களும் என்னோடு இருங்களேன் என்று அக்கா கூப்பிட்டுப் பார்த்தாள். முதலாளியின் டவுன் ஆபீஸ் வேலையை யார் பார்ப்பார்கள் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிளம்புகிற அன்று அக்கா வாசல்வரை வந்தாள். அவள் தங்கப்போகும் அறைக்கு மட்டும் தண்ணீர் வருகிற மாதிரி தம்பி தனியாக ஒரு இணைப்புக் கொடுத்திருந்தான். குழாய்க்கு எப்படித் துணி சுற்றுவது, எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்று மூன்றாவது தடவையாக விளக்கினான். சரிடா, சரிடா என்று கேட்டுக்கொண்டாள். கணவரிடம் மாத்திரையை மறக்காதீங்க என்றாள். பஸ் வளைவு திரும்புவதற்கு முன்பே அவள் உள்ளே போய்விட்டதைத் தம்பி பார்த்தான். அத்தானும் பார்த்தார்.

பஸ்ஸில் சீசன் முடிந்து ஊர் திரும்பும் கூட்டம். இருவருக்கும் ஒட்டின சீட். அத்தான் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். காடு முடிந்து வயல்வெளி வந்த பிறகு, ஏதோ ஏற்கெனவே பேசி முடித்த விஷயம் போல ஆரம்பித்தார். டவுனில் அந்தப் பெரிய வீட்டில் ஒண்டியாக என்ன செய்வது, உன் ரூமிலேயே வந்து தங்கிவிடுகிறேன், உனக்கும் ஒரு பேச்சுத் துணை.

சரி அத்தான் என்ற சொல் தம்பியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வழக்கமாக அது அவனைக் கேட்காமலே வெளியே போகும்.

'இல்ல அத்தான்' என்றான்.

அவர் திரும்பிப் பார்த்தார். 'ஏன்?'

ரூம் சின்னது என்று சொல்ல நினைத்தான். அதை அவர் நாலு தடவை வந்து பார்த்திருக்கிறார். 'எனக்குத் தனியா இருக்கணும்.'

அத்தானுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அதைப் பார்க்க இவனால் முடியவில்லை. இப்போதுகூட வாங்க என்று சொல்லிவிடலாம், பல்லைக் கடித்துக்கொண்டான். எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தால் தேவலை என்று பட்டது. பின்னால் திரும்பிப் பார்த்தான். ஒரு சீட்கூடக் காலி இல்லை. டவுன் வர இன்னும் பாதி வழி இருந்தது.