தங்கவயலில் அள்ளிய இரண்டு கை மண்

எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தோ முப்பத்தாறோ, சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். ஆம்பூரிலிருந்து கோலார் தங்கவயலுக்கு நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் ஒரு வயசுப் பெண் குழந்தையும் ரயிலில் போனோம். அதுவரைக்கும் நான் வாணியம்பாடியைத் தாண்டினதில்லை.

வீட்டுக்காரரின் அண்ணன், அதாவது என் மூத்தார், அங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தார். அவர் சம்சாரத்துக்கு, என் ஓரகத்திக்கு, ஐந்தாவதாக ஆண் பிள்ளை பிறந்திருந்தது. மாமியாருக்கு முழங்கால் வீக்கம், வர முடியவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு மருந்து, பூண்டு, வெல்லம் எல்லாம் கட்டிக் கொடுத்து எங்களை அனுப்பினார். என் வீட்டுக்காரருக்குத் தோல் ஷாப்பில் வேலை. தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இரண்டு நாள் லீவு வாங்குவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஜோலார்பேட்டையில் ஒரு வண்டி மாறினோம். பௌரிங்பேட்டையில் இன்னொரு வண்டி. இப்போது பங்காருப்பேட்டை என்கிறார்களே, அதுதான். அங்கிருந்து சுரங்க ஊருக்குள் போகும் கிளை வண்டி.

இறங்கினதும் அண்ணாந்து பார்த்தேன். கோபுரம் மாதிரி இரும்பில் கட்டி, உச்சியில் பெரிய சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தச் சக்கரத்தில் கம்பிக் கயிறு ஓடித்தான் ஆட்களைப் பூமிக்குள் இறக்குமாம். மேட்டில் துரைமார்களின் பங்களாவும் பூந்தோட்டமும். பள்ளத்தில் கூலிக்காரர்களுக்குத் தட்டி வீடுகள், வரிசை வரிசையாக. லைன் என்பார்கள். தெருவில் மின்சார விளக்குக் கம்பங்கள் இருந்தன. கல் இடிக்கும் மில்லின் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை. என் நெஞ்சுக்குள்ளேயே இடிப்பது போல இருந்தது. குழந்தை அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டாள். எனக்குத்தான் இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் ஓரகத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தரை ஒரு உதறு உதறியது. பலகையில் கவிழ்த்திருந்த லோட்டாக்கள் கிணுகிணுத்தன. மூத்தார் அப்போது பூமிக்குள் இருந்தார்.

"இன்னாக்கா இது?" என்றேன்.

"பேசாத இரு. சங்கு ஊதுதான்னு கேக்கறேன்."

பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சுரங்கத்துச் சங்கு ஊதவில்லை. "உள்ள எங்கியோ பாறை வெடிச்சிருக்கும். சங்கு ஊதுனாத்தான் நாம ஓடணும்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைக்கு எண்ணெய் தடவ ஆரம்பித்தாள். அப்படி ஒரு பிழைப்பு.

அந்தப் பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாள். எதிர் லைனில் ஒரு வீட்டில், விளையாடப் போன குழந்தை மினுங்குகிற கல் ஒன்றைக் கையில் கொண்டு வந்ததாம். காவல்காரர்கள் பார்த்துவிட்டார்கள். அப்பனுக்கு வேலை போனது, அன்றைக்கே வீட்டைக் காலி செய்யச் சொல்லிச் சட்டி பானையைத் தெருவில் வைத்துவிட்டார்களாம். "இந்த ஊர்ல கல்லுன்னா தொடவே கூடாதுடி" என்றாள். கல்லைத்தான் சொன்னாள். மண்ணைச் சொல்லவில்லை.

அன்று பகல் சாப்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினோம். மூத்தார் வேலையிலிருந்து வரவில்லை. ஓரகத்தி படுக்கையை விட்டு எழக்கூடாது. நாங்களாகவே ஸ்டேஷனுக்கு நடந்தோம். வீட்டுக்காரர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனார், நான் மூட்டையோடு பின்னால்.

வழியில் ஒரு பெரிய மண் மேடு. மேடு என்ன, மலைதான். தங்கத்தை எடுத்துவிட்டுக் கழித்த மண்ணை அங்கே கொட்டுகிறார்கள் என்று முன்தினமே வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். மழையில் கரைந்து பாதை ஓரம் வரைக்கும் வழிந்து கிடந்தது. சாம்பல் நிறம். குனிந்து தொட்டுப் பார்த்தேன். மாவு மாதிரி இருந்தது.

என் மாமியாருக்குப் பித்தளைப் பாத்திரம் என்றால் உயிர். நான் பாலாற்று மணல் போட்டுத் தேய்ப்பேன். அது கீறிவிடும். "கீறிக் கீறியே என் அண்டாவை ஓட்டை பண்ணிடுவா போலக்கீது" என்று அக்கம்பக்கம் கேட்கச் சொல்வார். செங்கல் பொடியை இடித்துச் சலித்தாலும் இவ்வளவு நைசாக வராது. இந்த மண்ணைக் கொண்டுபோனால் மாமியார் வாயடைத்துப் போவார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் தோல் ஷாப்பில் ஊறிச் சத்துப்போன ஆவாரம்பட்டையை வெளியில் கொட்டிவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் கூடையில் அள்ளி வந்து காயவைத்து அடுப்பெரிக்கலாம். யாரும் கேட்கமாட்டார்கள். கழித்துக் கொட்டினது அள்ளுகிறவளுக்குச் சொந்தம். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். இரண்டு கை நிறைய அள்ளி, குழந்தையின் பழைய துணியில் முடிந்து, மூட்டைக்குள் வைத்தேன். வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்டேஷன் வாசலில் அன்றைக்கு என்னவோ கெடுபிடி. சுரங்கத்தில் ஏதோ களவு போயிருந்ததாம். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்குத் தட்டி மறைத்து ஒரு பக்கம் என்று நிறுத்திச் சோதனை போட்டார்கள். வீட்டுக்காரர் குழந்தையோடு அந்தப் பக்கம் புகுந்து பிளாட்பாரத்துக்குப் போய்விட்டார்.

பெண்கள் பக்கம் தடித்த ஒரு அம்மாள், மார்பில் பித்தளை வில்லை குத்திக்கொண்டு நின்றாள். என் மூட்டையைப் பிரித்தாள். முடிச்சைத் தொட்டாள். அவிழ்த்தாள். அவள் முகம் மாறினதைப் பார்த்ததும்தான் எனக்கு எதிர் லைன் வீட்டுக் கதை சுரீரென்று உறைத்தது.

"ஐயையோ! எவ்ளோ தைரியம் பாரு. யாரும்மா நீ? யாரு வூட்டுக்கு வந்தே? ஆளு பேரு இன்னா?"

மூத்தார் பேரை நான் வாயால் சொன்னதில்லை. புருஷன் பேரும் அப்படித்தான். எங்கள் வீட்டு வழக்கம் அது. லைன் நம்பர் எனக்குத் தெரியும். ஆனால் சொன்னால் நேரே அந்த வீட்டுக்குத்தானே போவார்கள்? பத்து நாள் பிள்ளையோடு அவள் படுத்திருக்கிறாள். மற்ற நாலும் வாசலில் விளையாடிக்கொண்டிருந்ததுகள். மூத்தார் மேலே ஏறி வருவதற்குள் எல்லாவற்றையும் தெருவில் தள்ளிவிடுவார்கள். என் கையால் அள்ளின மண் அவர்கள் தலையில் விழப்போகிறது. சின்ன வயசிலிருந்தே அன்னிய மனுஷர்களிடம் எனக்குப் பேச வராது. அன்றைக்குக் கேட்கவே வேண்டாம்.

"வாயில இன்னா கொழுக்கட்டையா? பேரைச் சொல்லுன்னா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டு, "ஜமேதாரே! இங்க வாங்க!" என்று கத்தினாள்.

காவல்காரர்களுக்குத் தலைவர் ஒரு பெரியவர் வந்தார். முஸ்லிம். முடிச்சை வாங்கி, மண்ணை விரலால் நெருடிப் பார்த்தார்.

"பேட்டி, இது எதுக்கு எடுத்தே?"

பேட்டி என்றால் மகளே என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் உருது பேசுகிற வீடுகள்தானே பாதி. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு வார்த்தையும் கொஞ்சம் வந்தது.

"பாத்திரம் தேய்க்கங்க... எங்க ஊர்ல பட்டை அள்ளுவோம்ங்க... கொட்டுனதுதானேன்னு..."

வில்லைக்கார அம்மாள் சிரித்தாள். "இன்னா பட்டை? ஒண்ணு கேட்டா ஒண்ணு உளர்றா. நல்ல நடிப்பு."

ஆனால் அவர் சிரிக்கவில்லை. "எந்த ஊரு? வாணியம்பாடியா, ஆம்பூரா?" என்றார்.

"ஆம்பூருங்க."

"நமக்குப் பேரணாம்பட்டு." விரலில் ஒட்டின மண்ணைத் துணியிலேயே தட்டிவிட்டார். "எங்க அம்மாவும் பட்டை அள்ளித்தான் எங்களுக்குச் சோறாக்கினாங்க. அது வேற ஊரு, பேட்டி. இங்க குப்பைக்குக்கூட காவல் கீது."

"அதெல்லாம் சரி ஜமேதாரே, பிடிச்சது பிடிச்சதுதான். பேரு கேட்டு எழுதுங்க. தொரைக்குத் தெரிஞ்சா என் வேலை போய்டும்" என்றாள் அந்த அம்மாள்.

"பேரு எப்படி எழுதறது? எங்க பக்கத்துப் பொம்பளைங்க கழுத்தை அறுத்தாலும் பேரு சொல்லமாட்டாங்க." அப்புறம் என் பக்கம் திரும்பி, "பாத்திரம் தேய்க்கத்தான் எடுத்தியா? நெசமாவா?" என்றார். தலையை ஆட்டினேன். "அப்போ தேய். நான் பாக்கறேன்."

வாசலில் மாட்டுகிற கைவிளக்குகள் நாலைக் கொண்டுவந்து குழாயடியில் வைத்தார். அடிப்பாகமெல்லாம் பித்தளை, கரியும் எண்ணெயும் ஏறிக் கறுத்துக் கிடந்தது. தேங்காய் நார் ஒரு பிடி கொடுத்தார். "ஒண்ணு சொல்றேன் கேளு. தங்கத்தைக் கரைக்கிற விஷத் தண்ணியில ஊறின மண்ணு இது. சோத்துப் பாத்திரத்துல போட்டுத் தொலைச்சிடாதே. இந்த வெளக்கோட சரி" என்றார். என் குழந்தையின் பால் கிண்ணத்தையும் இதைப் போட்டுத்தானே தேய்த்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

உட்கார்ந்து தேய்த்தேன். கை ஒரு பக்கம் தேய்க்கிறது, காது ரயிலுக்குப் போகிறது. எதற்காகத் தேய்க்கச் சொன்னார், தேய்த்த பிறகு என்ன செய்வார், ஒன்றும் புரியவில்லை. நான் நடிக்கிறேனா என்று பார்க்கத்தான் தேய்க்கச் சொன்னாரோ என்றுகூட நினைத்தேன். பிளாட்பாரத்துப் பக்கமிருந்து வீட்டுக்காரர் என்னைக் கூப்பிடும் குரல் கேட்டது. அவருக்குக் கோபம் வந்தால் ஊரே பார்க்கும். அவர் இங்கே வந்து நாலு வார்த்தை பேசினால் அண்ணன் பேர் தானாக வெளியே வந்துவிடும். வராமல் இருக்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டே தேய்த்தேன்.

இரண்டு விளக்கு முடிந்திருக்கும். தொப்பி போட்ட ஒரு துரை சைக்கிளில் வந்து இறங்கினார். மீதி மண் என் முழங்காலடியில் துணியோடு கிடந்தது. புடவையை இழுத்து மூடக்கூடத் துணிவில்லை. அவர் என்னைப் பார்த்து இங்கிலீஷில் என்னவோ கேட்டார். வில்லைக்கார அம்மாள் வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் ஜமேதார் சலாம் வைத்து, "லேம்ப் க்ளீனிங், சார்" என்றார்.

பொய்யில்லை. கையில் விளக்குத்தான் இருந்தது. துரை தேய்த்து வைத்திருந்த ஒரு விளக்கைத் தூக்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார். தலையை அசைத்தார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அந்த அம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்ததுபோல. ஜமேதார் அவளிடம், "உன் வில்லையும் குடேன், தேய்ச்சுக் குடுக்கும். களிம்பு பிடிச்சுக் கீது" என்றார். அவள் முறைத்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தாள். தேய்த்துக் கழுவி நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பரவால்ல, கை நல்லா ஓடுது" என்று மெதுவாகச் சொன்னாள்.

நாலாவது விளக்கு முடியும்போது முடிச்சில் ஒரு சிட்டிகை மண் இல்லை. எல்லாம் தண்ணீரோடு வாய்க்காலில் போய்விட்டது. துணியையும் அலசிப் பிழியச் சொன்னார்.

"இப்போ மூட்டையில இன்னா கீது?" என்று அந்த அம்மாளிடம் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஈரத்துணி கீது" என்றாள்.

"அதை எழுதணுமா?"

"வேணாம், போகட்டும்."

முதல் மணி அடித்துவிட்டார்கள். ஓடினேன். அவரைக் கும்பிடவும் இல்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. வீட்டுக்காரர், "எங்கடி போய்த் தொலைஞ்சே? புடவையெல்லாம் ஈரம்?" என்று கத்தினார். குழந்தை துணியைக் கழுவினேன் என்றேன். பௌரிங்பேட்டை வரும்வரைக்கும் நகக் கண்ணெல்லாம் எரிந்தது.

ஊருக்கு வந்த பிறகும் மூன்று நாலு மாசம் தபால்காரரைப் பார்த்தாலே உள்ளே போய்விடுவேன். தங்கவயலிலிருந்து கார்டு வந்தது. எல்லாரும் சௌக்கியம், பிள்ளை குப்புற விழுகிறான் என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டுச் சமையற்கட்டில் தனியாக உட்கார்ந்து அழுதேன். பல வருஷம் கழித்து மூத்தார் வேலையை விட்டு ஆம்பூருக்கே வந்த பிறகு ஓரகத்தியிடம் மட்டும் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பிறகு, "அடிப்பாவி, அஞ்சு புள்ளைங்களோட என்னைத் தெருவுல விட்டிருப்பியே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "வெளக்கு நல்லா பளபளன்னு வந்துச்சா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டாள்.

அந்த ஜமேதாரின் முகம் எனக்கு நினைவில்லை. தலை நிமிர்ந்து நான் பார்க்கவே இல்லை, குரல் மட்டும்தான் காதில் இருக்கிறது. இன்றைக்கும் யாராவது தப்புச் செய்துவிட்டு என் முன்னால் வாயடைத்து நின்றால், இது எந்த ஊரில் சரியாக இருந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்த பிறகுதான் நான் வாயைத் திறக்கிறேன்.