நின்ற வண்டியின் கரண்டைக் குடித்தது யார்?

ஓட்டாமல் நிறுத்திய பைக்கில் பேட்டரி எவ்வளவு காலம் சார்ஜ் தாங்கும்?

கொஞ்ச நாளாக ஓசூரில் எதிர்ப்படும் ஆளிடமெல்லாம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் மாதக்கணக்கில் தாங்கும் என்றார். இன்னொருவர், ஒரு வாரம் தாண்டினாலே பெரிய விஷயம் என்றார். இரண்டு பேருமே பைக் வைத்திருப்பவர்கள்தான். யாரை நம்புவது?

விஷயம் இதுதான். மகளுடைய பிரசவத்துக்காக நானும் என் மனைவி வசந்தாவும் கோவைக்குப் போய், ஒரு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டுத் திரும்பினோம். வாசலில் நிறுத்தியிருந்த பைக்கில் சாவியைத் திருப்பினால்... ஒரு விளக்குகூட எரியவில்லை. புது பேட்டரி. சரி, போகட்டும் என்று சார்ஜ் போட்டேன். தினமும் ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. நான் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கியவன்.

மாடியில் மஞ்சுநாத் என்று ஒரு பையன் குடியிருக்கிறான். உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுச் சாவியை அவனிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தோம். வீட்டுக்குள் ஆணியில் தொங்குவது பைக் சாவி. அவனுடைய ஸ்கூட்டரோ அப்போது ரிப்பேரில். எடுத்து ஓட்டியிருப்பான், சாவியை ஆஃப் செய்யாமல் விட்டிருப்பான். வேறென்ன?

“அந்தப் புள்ளைய சும்மா சொல்லாதீங்க. வண்டி நின்ன எடத்த விட்டு அசையவே இல்ல” என்றாள் வசந்தா.

“நீயும் என்கூட கோயமுத்தூர்லதான இருந்த? உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இவ்வளவு உறுதி எங்கிருந்து வருகிறது? அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

பேத்திக்குப் பெயர் வைக்க மறுபடியும் கோவைப் பயணம். இந்த முறை புறப்படும் முன் பின்சக்கரத்திலும் தரையிலும் சேர்த்து சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தேன். வண்டி அசைந்தால் கோடு விலகும். கிலோமீட்டரைப் பார்த்து வைத்திருந்தால் போதும், அது தோன்றவில்லை. சந்தேகம் முற்றினால் மூளை சாக்பீஸைத்தான் தேடும் போலிருக்கிறது.

சில வாரம் கழித்துத் திரும்பினேன். பேட்டரி காலி. கோடு விலகவில்லை... கோட்டையே காணவில்லை. சுத்தமாகத் துடைத்திருந்தது.

மஞ்சுநாத்தைக் கூப்பிட்டேன். நான் வாய் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்தான்.

“சார், உங்ககிட்ட சொல்லணும்னே இருந்தேன். யாரோ உங்க வண்டிக்கு சாக்பீஸ்ல குறி போட்டுட்டுப் போயிருந்தாங்க. திருடனுங்க அப்படித்தான் சார் குறி வெப்பாங்க. நான் அழிச்சுட்டேன். ஷிப்ட் முடிஞ்சு வந்தா தினமும் ஒரு தடவ கீழ எறங்கிப் பாத்துக்குனுதான் இருந்தேன்.”

என்னத்தைச் சொல்வது? “ரொம்ப நன்றிப்பா” என்றேன்.

ஆனால் பேட்டரி காலியானது நிஜம்தானே? மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை வைத்தேன். சாவி என் சட்டைப் பையில். ஆனாலும் மீட்டர் கொஞ்சம் கரண்ட் போவதாகக் காட்டியது. யாரோ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சீட்டுக்கு அடியில், டேப் சுற்றிய ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. வண்டி எங்கே இருக்கிறது என்று செல்போனுக்குச் சொல்லும் ஜிபிஎஸ் கருவி.

என்னை எதற்கு ஒருவன் பின்தொடர வேண்டும்? பென்ஷன் வாங்குகிறேன், பக்கத்து ஊரான பேரிகையில், சந்தையில் காய் வாங்குகிறேன்.

என்னைத் தவிர அந்தச் சீட்டைக் கழற்றுகிறவர் மெக்கானிக் அன்வர் பாய் ஒருவர்தான். நேரே அவர் கடைக்குப் போய்ப் பெட்டியைக் காட்டினேன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

“அக்காதான் மாட்டச் சொன்னாங்க சார். சார்கிட்ட சொல்லிடாதீங்க பாய்னு கேட்டுக்கினாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

வீட்டுக்கு வந்து பெட்டியை மேசைமேல் வைத்தேன். வசந்தா அதைப் பார்த்தாள். மழுப்பவில்லை.

“ஒரு நாள் பேரிகைக்குப் போயிட்டு போனை ஆஃப்ல வெச்சிருந்தீங்க, ஞாபகம் இருக்கா?”

“சார்ஜ் தீந்துபோச்சு. அதுக்கென்ன?”

“அன்னிக்கி சூளகிரி பக்கத்துல லாரியில ஒரு பைக் மாட்டிக்கிச்சுன்னு சொன்னாங்க. நம்ம வண்டி மாதிரியே நீல கலர், வயசான ஆளுன்னாங்க. ஆட்டோ புடிச்சுப் போனேன். துணி போட்டு மூடி இருந்துச்சு. வெலக்கிக் காட்டுற வரைக்கும் ஹைவேயில நின்னேங்க.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“நீங்க இல்லன்னு தெரிஞ்சதும் மனசுக்குள்ள சந்தோஷப்பட்டேன். அந்தப் பக்கம் ஒரு பொம்பள அழுதுக்கினு இருந்தா. அவ மொகத்தப் பாக்க முடியல. வீட்டுக்கு வந்தா, நீங்க காபி கேட்டீங்க.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா, பயந்தாங்கொள்ளின்னு சிரிப்பீங்க. பெட்டியையும் கழட்டிடுவீங்க.”

சிரித்திருப்பேன். கழற்றியும் இருப்பேன். அதனால் மறுநாள் அன்வர் பாயிடமே போய்ப் பெட்டியைத் திரும்ப மாட்டச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஆக, நல்ல பேட்டரி சும்மா நின்றால் வாரக்கணக்கில் தாங்கும். கூட ஏதாவது கருவி ஒட்டிக்கொண்டிருந்தால் தாங்காது. வெளியூர் போனால் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்ப்பதற்கு முன்னால் மீட்டரைப் பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேரிகையில் ஒரு கடை ஓரமாக நின்றிருந்தேன். போன் அடித்தது.

“ரொம்ப நேரமா ஒரே எடத்துல நிக்கிறீங்களே, வண்டி ஸ்டார்ட் ஆகலையா?”

“டீ குடிக்கிறேன்.”

“எத்தனாவது?”

“முதல்” என்றேன். நல்லவேளை, டீயை எண்ணுகிற கருவி இன்னும் வரவில்லை.