மௌனிகாவின் ஸ்வெட்டர்

சிவசங்கரி அந்தப் பொய்யைச் சொன்னது ஐப்பசி மாதத்து மதியம் ஒன்றில், குமுளி ஏலக்காய் ஸ்டோரின் பின்வாசல் படியில் உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறப்பதற்கு முன்னால். சொன்னாள் என்றுகூட இல்லை, போனில் தட்டினாள். ஒரே ஒரு வார்த்தை.

"தங்கச்சிக்கு."

அவளுக்குத் தங்கை கிடையாது. ஓர் அண்ணன் உண்டு. தேக்கடி பார்க்க வருகிறவர்களை ஜீப்பில் ஏற்றிக் காட்டுப் பாதையில் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுகிறவன். அவன் மனைவி செல்வப்பிரியா உண்டு. மூவருக்குமாக ரோசாப்பூக்கண்டத்தில் இரண்டு அறை வீடு உண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, காய் தரம் பிரித்துப் பொறுக்கும் வேலைக்கு வந்து, அதிலேயே அவளுக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. ஸ்டோரில் கூட இருக்கிற பெண்கள் சினிமா, சீரியல், பக்கத்து வீட்டுச் சண்டை என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். இவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். யாருடைய கொலுசு புதிது, யார் அழுதுவிட்டு வந்திருக்கிறாள் என்பதெல்லாம் முதலில் இவளுக்குத்தான் தெரியும். தெரிந்ததை யாரிடமும் சொன்னதில்லை.

பின்னக் கற்றுக்கொண்டதும் பார்த்துப் பார்த்துத்தான். போனில் ஒரு வீடியோவை நூறு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, சைக்கிள் கம்பி இரண்டை உரசிக் கூராக்கி, பழைய மப்ளர் ஒன்றைப் பிரித்த நூலில் பழகினாள். பிறகு கம்பத்துக்குப் போனபோது நிஜமான ஊசிகள் வாங்கினாள், பத்தாம் நம்பர். அந்த வீடியோவின் கீழே கிடந்த ஓர் இணைப்பைத் தொட்டபோதுதான் 'தினம் ஒரு வரிசை' என்கிற வாட்ஸப் குழுவுக்குள் போய் விழுந்தாள்.

நாற்பது, நாற்பத்தைந்து பெண்கள். ஊட்டி, வால்பாறை, மூணாறு, வண்டிப்பெரியார். எல்லாம் குளிர் ஊர். வெயில் ஊரிலிருந்து நர்மதா ஒருத்திதான், எருத்தேன்பதி என்கிற ஊர்க்காரி. தென்னந்தோப்பும் மாடும் வைத்திருக்கிற குடும்பம். குழுவின் விதி ஒன்றே ஒன்று: என்ன வேலை இருந்தாலும் நாளுக்கு ஒரு வரிசையாவது பின்ன வேண்டும், படம் போட வேண்டும். ஒருத்திக்கு ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவி ஏழு வரிசை கீழே போய்விட்டால், "பிரிக்காதே, குரோஷா ஊசியை விட்டு ஏணி ஏறுற மாதிரி ஒவ்வொரு படியா மேலே கொண்டா" என்று நாலு பேர் ஓடி வருவார்கள். ஒருத்தியின் கழுத்துப் பட்டி சுருண்டுகொண்டால், நனைத்துக் குண்டூசி குத்திக் காயவிடச் சொல்வார்கள். சிவசங்கரி இரண்டு வருடமாக இதையெல்லாம் படித்தாள், கேட்டாள், செய்தாள். ஒரு படம்கூடப் போடவில்லை.

அன்றைக்கு ஏன் போட்டாளோ! முதல்நாள்தான் அந்த நூலை வாங்கியிருந்தாள். மயில்கழுத்து நிறம். வெளிச்சத்தில் நீலம், நிழலில் பச்சை. ஆறு உருண்டையும், பின்னிப் பார்த்த உள்ளங்கை அகலச் சதுரமும். அதைப் படியில் வைத்துப் படம் எடுத்துப் போட்டுவிட்டாள். போட்ட நிமிஷத்தில் பத்துப் பேர் கேட்டார்கள், யாருக்கு என்று.

'எனக்கு' என்று தட்டியிருந்தால் இன்னும் சுருக்கமாக முடிந்திருக்கும். ஆனால் அந்தக் குழுவில் ஒருத்தி தனக்கென்று பின்னி அவள் பார்த்ததில்லை. பேத்திக்கு, மருமகனுக்கு, கன்யாஸ்திரீ மடத்துக்கு, ஒருத்தி புருஷனுடைய மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக்கூடப் பின்னியிருந்தாள். சிவசங்கரி போட்டிருந்தது அண்ணனின் பழைய ஸ்வெட்டர். அதற்கு முன்னால் அம்மாவுடையது. அவள் உடம்பில் ஏறிய கம்பளியெல்லாம் வேறோர் உடம்பின் அளவு.

"தங்கச்சி பேரென்னுங் சங்கரி?" நர்மதாவின் குரல் வந்தது. அவள் எப்போதும் பேசித்தான் அனுப்புவாள். பின்னால் மாடு கத்தும்.

"மௌனிகா."

பெயர் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாது. கூரையிலிருந்து சொட்டுகிற பனி மாதிரி வந்து விழுந்தது.

"மார்பளவு சொல்லுங்க. அந்தச் சதுரத்துல இஞ்சுக்கு ஆறு கண்ணி வருது. நான் கணக்குப் போட்டுத் தர்றேன்."

சிவசங்கரி கண்ணை மூடினாள். மௌனிகா தெரிந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். ஒல்லி. எர்ணாகுளத்தில் ஒரு பெரிய ஹோட்டலின் முன்மேசையில் நின்று மூன்று மொழியில் வணக்கம் சொல்கிறவள். "முப்பத்திரண்டு" என்று தட்டினாள்.

"அப்ப முதுகுக்கு நூத்தி ரெண்டு கண்ணி போடுங்க, சாமி" என்றாள் நர்மதா.

அப்படித்தான் மௌனிகா பிறந்தாள்.

ஏலக்காய்க் குவியலுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டால் கை தானாக வேலை செய்யும். கொழுத்த பச்சைக் காய் ஒரு முறத்துக்கு, வெளுத்தது ஒன்றுக்கு, வெடித்தது இன்னொன்றுக்கு. அந்த வாசனையில் மதியத்துக்கு மேல் தலை லேசாக மிதக்கும். ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கி, எதிரே இருக்கிற கடை, ஜீப், ஆள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வரும். எல்லாம் அழிந்த பிறகு அந்த வெள்ளைக்குள்ளிருந்து மௌனிகா நடந்து வருவாள். அவசரமில்லாத நடை. தோளில் பை. யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் நின்று, திரும்பி, முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வாள். சிவசங்கரியின் விரலிடையே காய் உருண்டுகொண்டிருக்கும். அவள் மௌனிகாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள், இன்னும் எத்தனை வரிசை ஆகும் என்று.

குழுவும் மௌனிகாவை விடவில்லை. ஹோட்டல் வேலையை, கிறிஸ்மஸ் லீவுக்கு ஊருக்கு வருவதை எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டது.

"காலர் வைக்கலாமா?" என்று வால்பாறைக்காரி ஒருத்தி கேட்டாள்.

"அவளுக்குக் காலர் பிடிக்காது. கழுத்து வட்டமா இருக்கணும். ரெண்டு பாக்கெட் வேணும்."

"பாக்கெட் எதுக்கு?"

"பேசும்போது கையை உள்ள விட்டுக்கிடுவா."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்ல. அவளுக்கு அவசரம் இல்ல."

தட்டி அனுப்பிவிட்டு அந்தக் கடைசி வரியைத் தானே திரும்பத் திரும்பப் படித்தாள். இப்படி ஒரு பதிலை இத்தனை வருடத்தில் யாருக்கும் அவள் சொன்னதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் தலையைக் குனிந்துதான் காட்டியிருக்கிறாள்.

வீட்டில் செல்வப்பிரியாவும் கேட்டாள். "நெறம் சும்மா அள்ளுதே! யாருக்கு?"

"குழுவுல ஒருத்தங்களுக்கு, அண்ணி."

ஆக, குழுவில் அது வீட்டுப் பெண்ணுக்கு. வீட்டில் அது குழுவில் இருப்பவளுக்கு. ஸ்வெட்டர் மட்டும் நாளுக்கு ஒரு விரற்கடை வளர்ந்தது.

கார்த்திகை முடியப்போகிற சமயம், முதுகும் முன்பக்கமும் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அண்ணி கடைக்குப் போன நேரம் பார்த்து இரண்டையும் ஊக்கால் கோத்து, தலைவழியாக இறக்கிக் கண்ணாடி முன் நின்றாள். இறங்கவில்லை. மார்பில் இழுத்துப் பிடித்தது. அக்குளுக்கடியில் கண்ணிகள் வாயைத் திறந்தன.

முப்பத்தாறு அவள். முப்பத்திரண்டு மௌனிகா.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மாதமாகத் தனக்கென்று நினைத்துக்கொண்டே, இல்லாத ஒருத்திக்குப் பின்னியிருக்கிறாள். நர்மதா போட்ட கணக்கில் ஒரு பிழையும் இல்லை. இதைப் பிரித்துப் பெரிதாக்கினாலும், போட்டுக்கொண்டு எங்கே போவது? குழுவிலிருக்கும் அன்னமேரி மாதம் ஒரு தடவை குமுளிக்கு வருகிறாள், தேக்கடி ரோட்டுக் கடைகளுக்குக் குல்லாய் விற்க. ஒருநாள் தெருவில் பார்த்தால் தங்கச்சி ஸ்வெட்டரை அக்காக்காரி மாட்டிக்கொண்டு திரிகிறாள் என்றுதான் நினைப்பாள். இன்னொரு பழைய ஸ்வெட்டர். அதுவும் தன் கையாலேயே பின்னியது.

குழுவில் கேட்டாள்: "நாலு இஞ்ச் பத்தலைன்னா பிரிக்கத்தான் வேணுமா?"

"ஏனுங், மௌனிகா அதுக்குள்ள அத்தன குண்டாயிட்டாளா?" நர்மதா சிரித்த சிரிப்பில் மாடே பயந்திருக்கும். "ஓட்டல் சாப்பாடு! எங்க வேலந்தாவளம் சந்தைக்கு வர்ற எருமைகூட ரெண்டு மாசத்துல இப்படி ஊதாதுங்க. பிரிக்காதீங்க கண்ணு. ரெண்டு பக்கமும் அக்குள்லிருந்து இடுப்பு வரைக்கும் தனியா ஒரு பட்டி பின்னிச் சேத்துக்கலாம். பாக்க வேணும்னே வெச்ச மாதிரி இருக்கும். ஆனா இந்தத் தடவ சரியா அளவெடுங்க. கை நீளமும் வேணும். முதுகெலும்புலிருந்து தோள் வழியா, முழங்கைய மடக்கி, மணிக்கட்டு வரைக்கும். அது இன்னொருத்தர் எடுத்தாத்தான் வரும்."

உடனே அன்னமேரி எழுதினாள்: "கிறிஸ்மஸ் லீவுக்கு மௌனிகா வர்றான்னு சொன்னேல்ல? இருபத்திமூணாம் தேதி நான் குமுளியில. கூட்டிட்டு வா. நானே எடுத்துத் தர்றேன். பிள்ளையப் பாத்த மாதிரியும் இருக்கும்."

அதற்கு முப்பது பேர் பூப்படம் போட்டார்கள்.

இருபத்திமூன்றாம் தேதி சிவசங்கரி அரைநாள் லீவு சொன்னாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்து டீக்கடையில் அன்னமேரி காத்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெரிய சாக்குப் பையில் குல்லாய்கள், கழுத்தில் மாலை மாதிரி அளவு டேப். படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம். குரல் மட்டும் அதே குரல்.

"சங்கரிதான? வா வா. எங்க அவ?"

"வரல அக்கா." அவ்வளவுதான் வந்தது. பிறகு, "லீவு கிடைக்கலையாம்."

"அடப் பாவமே." அன்னமேரியின் முகம் நிஜமாகவே வாடியது. பைக்குள் கைவிட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். "பாக்கெட்டுக்குப் பட்டன். தேங்காச் சிரட்டையில பண்ணது. அந்த நெறத்துக்கு எடுப்பா இருக்கும்னு அவளுக்காக வாங்குனேன். குடுத்திரு. அளவுக்கு என்ன, அடுத்த மாசம் வரும்போது பாத்துக்குவோம்."

டேப்பைக் கழுத்திலிருந்து உருவி, விரலில் சுற்றி, பைக்குள் போட்டாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. டீயைக் குடித்துவிட்டுப் போகலாம். அடுத்த மாதமும் லீவு கிடைக்காது. அதற்கடுத்த மாதம் மௌனிகா வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விடலாம். ஸ்வெட்டர் கையில்லாமல் பெட்டிக்கடியில் கிடக்கும். சிவசங்கரி பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்து முனையில் மேகம் இறங்கியிருந்தது. அந்த வெள்ளையைப் பார்த்தாள். யாரும் நடந்து வரவில்லை.

"எனக்கு எடுங்க அக்கா."

"உனக்கு எதுக்குடி?"

"அப்படி ஒருத்தி கிடையாதுக்கா. தங்கச்சியே எனக்குக் கிடையாது. எனக்குத்தான் பின்றேன். மொதல்ல இருந்தே எனக்குத்தான்."

அன்னமேரி டீ கிளாஸை மேசையில் வைத்தாள்.

"ஏ, அப்ப நான் ரெண்டு மாசமா யாருக்குடி ஜெபம் பண்ணுனேன்? அந்தப் பிள்ளைக்கு நல்லபடியா வேலை நிலைக்கணும், நல்ல துணை அமையணும்னு தினமும்!"

"எனக்குன்னு வச்சுக்கிடுங்கக்கா" என்றாள் சிவசங்கரி.

அன்னமேரிக்குக் கோபம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. "இம்புட்டு நாள் வாயத் தொறக்காம இருந்துட்டு, தொறந்ததும் பொய்யா?" என்றாள். சொல்லிக்கொண்டே பைக்குள் துழாவி டேப்பை எடுத்தாள். "அந்தக் கந்தல மொதல்ல கழத்து. அது எந்த ஆம்பளையோடதோ, அது மேல எடுத்தா அவன் அளவுதான் வரும்."

சிவசங்கரி கழற்றினாள். குளிர் கையில் ஏறியது. ஜாக்கெட்டுக்குக்கூடப் பழைய ஜாக்கெட்டைத்தான் தையல்காரரிடம் அளவுக்குக் கொடுத்துப் பழக்கம். இன்னொருத்தி கை தன் முதுகெலும்பில் டேப்பின் நுனியை அழுத்துவது புதிதாக இருந்தது.

"நிமிந்து நில்லு. குனிஞ்சு நின்னா குனிஞ்ச அளவுதான் வரும். இன்னும் நிமிரு. ஆங். இருபத்தெட்டரை. நீளக் கைடி உனக்கு."

எண்களை அன்னமேரி குல்லாய் விலைச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தாள். "குழுவுல நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டாள். பஸ் ஏறும்போது திரும்பி, "பட்டன் உனக்கேதான்" என்றாள்.

சிவசங்கரி பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்து தட்டினாள். தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். கடைசியில் நான்கு வரிதான் போனது. மௌனிகா இல்லை. நான் கூச்சத்தில் சொன்னேன். ஸ்வெட்டர் எனக்கு. மார்பு முப்பத்தாறு, கை இருபத்தெட்டரை.

பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏறியது. பதில் வரவில்லை. அவள் வீட்டை அடைந்து விளக்குப் போடும்வரை வரவில்லை. காலர் வைக்கலாமா என்று கேட்ட வால்பாறைக்காரி சத்தமில்லாமல் குழுவை விட்டுப் போயிருந்தாள்.

பிறகு மாடு கத்தியது.

"நல்லா இருக்குதுங் சங்கரி, ரொம்ப நல்லா இருக்குது! எங்க சித்தப்பன் ஊட்டுல அந்தப் புள்ள ஜாதகம் கேக்கலாமான்னு பேச்செடுத்துட்டேன். இனி நான் அவிங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்குகிற சத்தம். "சரி, எழுதிக்கோங்க. பக்கத்துக்குப் பன்னெண்டு கண்ணி, தைக்கறதுக்கு ரெண்டு. பதினாலு. பட்டிக்கு மட்டும் நூல் கலர மாத்திடாதீங்க."

சிவசங்கரி அதை மூன்று தடவை கேட்டாள். அடுப்படியிலிருந்து செல்வப்பிரியா எட்டிப் பார்த்தாள். "யாரு அது, இந்தப் போடு போடுறது?"

"எருத்தேன்பதிக்காரங்க. இந்த ஸ்வெட்டர் எனக்கு, அண்ணி. வேற யாருக்கும் இல்ல."

செல்வப்பிரியா அவளையும், கட்டிலில் விரித்திருந்த மயில்கழுத்து நிறத்தையும் பார்த்தாள். "அப்ப அந்தப் பழசக் கழத்து. உங்க அண்ணன் ஜீப் தொடைக்கத் துணி இல்லைன்னு என் உசுர எடுக்குறாரு."

"இது இன்னும் முடியலையே அண்ணி. கையே வைக்கல."

"சீக்கிரம் முடி" என்று பழையதைத் தலைவழியாக உருவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெளியே ரோசாப்பூக்கண்டத்தின் மேல் மேகம் படுத்திருந்தது. நல்ல குளிர். சிவசங்கரி போர்வையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, புதிய உருண்டையிலிருந்து நூல்முனையைத் தேடி எடுத்து, ஒன்று, இரண்டு என்று பதினான்கு கண்ணிகளை ஊசியில் ஏற்றினாள்.