இடது காதில் நான், வலது காதில் மச்சாள்

ஹெட்போன் என் கைக்கு வந்த அன்று மாலை அதை மாட்டிக்கொண்டு நேரே கடற்கரைக்குப் போனேன். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த தம்பி அதைத் தரும்போது, "அக்கா, இதைப் போட்டால் பிளேன் இரையிறதே கேக்காது, பாருங்கோவன்," என்று பெருமையடித்திருந்தான். எங்கள் ஊர்காவற்றுறைக் கரையில் சோளகக் காற்று அடிக்கிற நேரம் அது. அடுத்த நிமிடமே காற்று அதற்குள் புகுந்து 'பூ, பூ' என்று ஊதத் தொடங்கிவிட்டது. கூட வந்த தம்பியின் முகம் சுருங்கியது. எனக்கென்றால் நல்ல சந்தோசம். கனடாச் சாமானையும் எங்கள் காற்று ஒரு கை பார்த்துவிட்டதல்லவா?

வீட்டுக்குள் வந்து போட்டபோதுதான் என் வாய் அடைபட்டது. தலைக்குமேல் சுற்றிய ஃபான் சத்தமில்லாமல் சுற்றியது. பக்கத்து வளவில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் காணாமல் போனது. கணவர் குசினி வாசலில் நின்று தேத்தண்ணி கேட்டது மட்டும் மெல்லியதாய்க் கேட்டது. ஒரே மாதிரி இரைகிற சத்தங்களைத்தான் இது நன்றாய் அடக்குமாம், மனிசக் குரலை முழுதாய் அடக்காதாம். அந்தளவுக்கு இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்று தம்பி கவலைப்பட்டான். நானும்தான்.

பிறகு, எத்தனையோ தரம் கேட்ட ஒரு தேவ பாடலைப் போட்டுவிட்டான். பாடுகிறவள் அடியெடுக்குமுன் மூச்சிழுப்பது கேட்டது. தபேலாவில் விரல் விழுவதும் தோல் அதிர்ந்து அடங்குவதும் தனித்தனியாய்க் கேட்டன. கோயில் பெருநாளுக்குக் கட்டும் ஸ்பீக்கர் பெட்டிகள் நெஞ்சில் இடிக்கும். இதில் அடிச்சத்தம் பக்கத்தில் வந்து அடக்கமாய் இருந்தது. இவ்வளவு நாளும் பாட்டு என்று நான் கேட்டது பாதிப் பாட்டைத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதே என் மனதில் ஒரு திட்டம் உதித்தது.

திட்டம் என் மச்சாளைப் பற்றியது. மச்சாள் என்றால் கணவரின் தங்கை, அடுத்த வளவில் வீடு. கோயில் பாடகர் குழுவில் நான் இடது கரையில் நிற்பேன், அவள் வலது கரையில் நிற்பாள். எங்கள் பெருநாளில் புனிதரின் சிலையை, அதுதான் சுருவத்தை, வள்ளத்தில் ஏற்றி, கடலில் ஒரு சுற்றுக் கொண்டுபோய் வருவோம். அப்போது பாட்டின் முதல் அடிகளை ஒருவர் தனியே பாடவேண்டும். கலியாணம் கட்டி இந்த ஊருக்கு வந்த நாள் முதல் அதைப் பாடுவது நான்தான். இந்த வருடம் ஓர்கன் வாசிக்கிற ரீச்சர், மச்சாளுக்கும் ஒரு தரம் கொடுத்தால் என்ன என்று கேட்டுவிட்டார். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனம் முழுக்கப் போனில் பார்க்கும் பெருநாள் அது. விட்டுக்கொடுக்க நான் என்ன மடைச்சியா?

மச்சாளின் குரல் ஓரிடத்தில் நில்லாது என்பது என் பழைய முறைப்பாடு. சரியாய்த்தான் தொடங்குவாள், நாலு அடி போவதற்குள் சுருதி நழுவிவிடும். "ரீச்சர், ஒத்திகையை ரெக்கோட் பண்ணுவம். கேட்டுப்போட்டு முடிவெடுப்பம்," என்று சொன்னது நானேதான். இரண்டு பக்கமும் மைக் வைத்த ஒரு சின்ன ரெக்கோடர் ரீச்சரிடம் இருந்தது. ஒத்திகை முடிந்ததும் பதிவை எனக்குப் போனில் அனுப்பினார். நான் அறைக் கதவைச் சாத்தி, கதிரையில் சாய்ந்து, ஹெட்போனை மாட்டினேன்.

இடது காதில் நான். வலது காதில் மச்சாள். நடுவில் ஓர்கன். நூல் பிடித்தாற்போல் பிரிந்து கேட்டது.

முதல் நாலு அடியில் ஒரு குரல் ஓர்கனை விட்டு மேலே ஏறத் தொடங்கியது. பிடித்துவிட்டேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகுதான் அது எந்தக் காது என்று விளங்கியது. திரும்பப் போட்டேன். ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டியிருப்பேனோ என்று கழற்றி L, R எழுத்தைப் பார்த்தேன். சரியாய்த்தான் மாட்டியிருந்தேன். மூன்றாம் தரம் கேட்கும்போது என் முகம் சுட்டது. ஏறுவது நான்தான்.

நான் எழுவைதீவில் பிறந்தவள். வள்ளத்தை விட்டால் வெளியே போக வேறு வழியில்லாத ஊர். பள்ளிக்கூடம் போனதும் வள்ளத்தில், சிநேகிதிகளோடு கதை பேசியதும் பாடியதும் வள்ளத்தில். இஞ்சின் இரைச்சலுக்கு மேலே கேட்கவேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். கத்தக் கத்தக் குரல் தானாய் மேலே போகும், போவது பாடுகிறவளுக்குத் தெரியாது. அன்று ஹெட்போனில் பாட்டை நிறுத்திவிட்டு, அந்த அமைதிக்குள் மெல்லப் பாடிப் பார்த்தேன். குரல் நின்ற இடத்திலேயே நின்றது. எனக்கு இப்படியும் ஒரு குரல் இருக்கிறதென்று அன்றுதான் அறிந்தேன்.

இதை நான் ஒருவருக்கும் சொல்லாமல் விட்டிருக்கலாம். பதிவு சரியாய் விழவில்லை என்று ரீச்சரிடம் ஒரு பொய் போதும். விடிய விடிய யோசித்துவிட்டு, காலையில் ஹெட்போனையும் கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து மச்சாளிடம் போனேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கையெல்லாம் மீன், நீரே மாட்டிவிடும்," என்றாள். மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"நல்ல கிளியராய்க் கேக்குது மச்சாள்!" என்று அவள் போட்ட சத்தத்தில், மீன் தலைக்குக் காத்திருந்த பூனை வேலி பாய்ந்தது.

பாட்டு முடிந்ததும் கழற்றினேன். "சுருதி ஏறுறது நான்," என்றேன்.

"ஓம். எனக்குத் தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"நீர் கலியாணம் கட்டி வந்து, கோயில்ல முதல் பாடின அண்டு தொடக்கம்."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

மச்சாள் மீன் செதிலைப் பார்த்தபடி சொன்னாள். "அவ்வளவு சந்தோசமாய்ப் பாடுறனீர். குழப்ப மனம் வரேல்லை. நீர் மேல போகேக்க தனிய விட ஏலாதெண்டு நானும் பின்னால ஏறி வந்தனான். சில இடத்தில எட்ட ஏலாமல் போச்சுது, அவ்வளவுதான்."

இத்தனை வருடமும் நான் நழுவல் என்று சொன்னது அதைத்தான். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அவளைக் கட்டிப்பிடித்ததில் என் சட்டையெல்லாம் செதில்.

"இந்த முறை நீர்தான் பாடுறீர்," என்றேன். அவள் மாட்டேன் என்றாள். நான் கத்தினேன். கத்துவதில் மட்டும் நான் தோற்பதில்லை.

பெருநாளன்று சுருவ வள்ளத்தை ஓட்டியது என் கணவர். நடுக்கடலில் பாட்டு நேரம் இஞ்சினை நிப்பாட்டும்படி அவரைக் கேட்டிருந்தேன். "நிப்பாட்டினால் வள்ளம் நீரோட்டத்தில இழுபடும், தெரியுமே உமக்கு?" என்று ஒரு கிழமையாய்ப் புறுபுறுத்தவர், அந்த நேரம் வந்ததும் தானாகவே கையை நீட்டி நிப்பாட்டினார். கனடாவிலிருந்து ஒன்றும் வரத் தேவையில்லாமல் கடல் அமைதியானது. சுற்றி வந்த வள்ளங்களும் ஒவ்வொன்றாய் இஞ்சினை நிறுத்தின. மச்சாள் தனியே பாடினாள். அவள் குரல் இம்மியும் நழுவவில்லை. அடுத்த அடிகளில் நான் சேர்ந்துகொண்டேன், மெல்ல, அவள் நின்ற இடத்திலேயே நின்று.

கடைசி அடிகளுக்கு முன் வள்ளம் இழுபடத் தொடங்க, கணவர் இஞ்சினைத் திரும்ப முடுக்கிவிட்டார்.

ரீச்சர் வள்ளத்தில் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்து ரெக்கோடரை மடியில் வைத்திருந்தார். பெருநாள் முடிந்த அடுத்த நாள், பதிவை வீட்டில் ஹெட்போனில் கேட்டேன். இஞ்சின் இரைந்ததும் இடது காதில் நான் பழையபடி ஏறுகிறேன். ஓர்கன் இல்லை, தடுக்க ஒருவருமில்லை, நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அன்று தலைப்பாட்டுப் பாடியது மச்சாள். ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவள் தன் இடத்தில் நின்றிருந்தால் யாரும் ஒரு குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

வலது காதில் ஒரு மூச்சு இழுபடுவது கேட்டது. அடுத்த சொல்லில் அவளும் என் பின்னால் ஏறி வந்துவிட்டாள்.