உள்ளே எத்தனை பேர்?

லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் சொல்லவே கூடாத ஒரு வார்த்தை உண்டு. "பயப்படாதீங்க." அதுவரை கைப்பேசியை நோண்டிக்கொண்டு சும்மா நின்றவர்கூட அதைக் கேட்டதும், பயப்படும்படி என்னவோ ஆகிவிட்டது என்று வியர்த்துக் கொட்ட ஆரம்பித்துவிடுவார். நம்முடைய மெக்கானிக் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு வக்கீலிடம் இதைச் சொல்லி, அவர் லிஃப்டுக்குள் உட்கார்ந்து உயில் எழுதத் தொடங்கிய பிறகுதான் பட்டுத் தெரிந்துகொண்டார். அதிலிருந்து பதினேழு வருடமாக அவர் கேட்பது மூன்றே கேள்விகள். உள்ளே எத்தனை பேர்? என்ன வேலை பண்றீங்க? எத்தனாவது மாடிக்குப் போகணும்? பதில் சொல்கிற வாய்க்குப் பயப்பட நேரம் இருக்காது என்பது அவர் கட்சி.

இந்த வித்தையை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் வினை. வீட்டில் இரண்டு பெண்கள். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு நாலு. படுக்கையறையில் ஆள் உயரத்துக்கு ஒரு அலமாரி. கதவு முழுக்கச் சட்டம் சட்டமாக இடைவெளி விட்டது, காற்றுக்குப் பஞ்சமில்லை. அதுதான் லிஃப்ட். விடுமுறை என்றால் அதிலிருந்த துணிமணியெல்லாம் கட்டிலுக்குக் குடிவந்துவிடும். பெரியவள் மெக்கானிக். அப்பாவின் பழைய தலைக்கவசம் அவள் மூக்கின்மேல் வந்து உட்காரும். சின்னவள் அபாய மணி. "ட்ரிங்" என்று கத்துவது மட்டும்தான் அவளுக்கு உத்தியோகம். நிறுத்து என்று சொல்லும்வரை நிறுத்த மாட்டாள், சொன்னாலும் நிறுத்த மாட்டாள். அப்பா எப்போதும் மாட்டிக்கொண்ட பயணி. ஒரு நாள் மந்திரி, ஒரு நாள் மாப்பிள்ளை, ஒரு நாள் பிரசவத்துக்குப் போய்க்கொண்டிருக்கிற பசுமாடு.

விளையாட்டு அசலாக இருக்க வேண்டாமா? வேலையிடத்தில் கழற்றிப் போட்ட பழைய லிஃப்ட் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து அலமாரியில் பொருத்தினார். வெளியிலிருந்து முக்கோணச் சாவியைப் போட்டுத் திருப்பினால்தான் அது திறக்கும். உள்ளே இருப்பவர் தலைகீழாக நின்றாலும் திறக்காது. பார்வைக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று திருகாணிகளையெல்லாம் உள்பக்கம் வைத்தார். "இது எங்க போய் முடியப்போகுதோ" என்றாள் மனைவி. சாவி எதிர்ச் சுவரில் ஆணியில் தொங்கினால்தான் கதவைச் சாத்தலாம் என்று ஒரு சட்டம் போட்டு அவள் வாயை அடைத்தார்.

அந்த மனைவி பல் செய்கிறவள். பல் டாக்டர் எடுத்தனுப்பும் அளவைப் பார்த்து மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, பொக்கைவாய்க்குச் சிரிப்பைத் திருப்பிக் கொடுக்கிற வேலை. சின்னவள் பிறந்தபோது விட்டது. இப்போது செயற்கைப் பல் செய்கிற ஒரு பெரிய கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள். கூடம் ஆறாவது மாடியில். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, அவர்கள் கண்முன்னே ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கிக் காட்ட வேண்டும்.

அந்த வேலை அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை வீடே சொன்னது. மெழுகுவத்தி ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பல். குளியலறை சோப்பில் ஒரு பல். உருளைக்கிழங்கு நறுக்கச் சொன்னால் கடைவாய்ப் பற்களாகச் சட்டிக்குள் விழுந்தன. இருந்தும், "கை மறந்துபோச்சுங்க. அவங்க பார்த்துட்டே இருந்தா நடுங்கிடும்" என்று வாரம் முழுக்கப் புலம்பினாள். அவரும் மாத்திரை கொடுப்பதுபோலக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று "பயப்படாத" சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் முகம் நாளுக்கு நாள் சுண்டிப் போனது. ஏனென்று அந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளி இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவர் விடுப்புப் போட்டிருந்தார். ஒன்பதரைக்கே மனைவி புறப்பட்டு நின்றாள். கைப்பையில் செதுக்கும் கத்திகள், சான்றிதழ், கைக்குட்டை.

"அம்மா, ஒரே ஒரு தடவ நீ பயணியா வாம்மா" என்றாள் பெரியவள்.

திட்டு விழும் என்றுதான் மூன்று பேரும் எதிர்பார்த்தார்கள். அவளோ மறுபேச்சு இல்லாமல், பையும் கையுமாகப் போய் அலமாரிக்குள் நின்றுகொண்டாள். சின்னவள் கதவைத் தள்ளிச் சாத்திவிட்டு மணியடிக்க ஆரம்பித்தாள். பெரியவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். ஆணி மட்டும்தான் இருந்தது.

"சாவி எங்கடி?"

"ட்ரிங்" என்றாள் சின்னவள்.

அடுத்த கால் மணி நேரம் வீடு இரண்டுபட்டது. மெத்தையைப் புரட்டினார்கள். செருப்புகளை உதறினார்கள். மீன் தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவினார் மெக்கானிக், மீன் இரண்டும் மூலைக்கு ஓடின. திருப்புளியோடு பூட்டை நெருங்கி, திருகாணிகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பது நினைவுக்கு வந்ததும், "இத மாட்டின மடையன் எவன்டா" என்று தன்னைத் தானே வைதுகொண்டார். மணி பத்தாகப் போகிறது. பேருந்தில் முக்கால் மணி நேரப் பயணம். இந்தப் பூட்டினால் அவளுக்கு வேலை போனால் ஆயுசுக்கும் தன்னை மன்னிக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. ஊருக்கெல்லாம் லிஃப்ட் திறக்கிறவர், சொந்த அலமாரியின் முன்னால் மண்டியிட்டு, இடைவெளியில் வாயை வைத்துச் சொன்னார்.

"பயப்படாதம்மா. அஞ்சே நிமிஷம்."

முதுகில் ஒரு அடி விழுந்தது.

"அப்பா, அதச் சொல்லக் கூடாது. உங்களுக்கு வேலையே தெரியல. தள்ளுங்க" என்றாள் பெரியவள், தலைக்கவசத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பதினேழு வருடத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடமும் மறுபடி சொல்லாத வார்த்தை. கட்டியவளிடம் ஏழு நாளில் பதினாலு தடவை. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. நகர்ந்து உட்கார்ந்தார்.

"மேடம், உள்ளே எத்தனை பேர்?"

"ஒருத்திதான்."

"என்ன வேலை பண்றீங்க?"

"பண்ணிட்டிருந்தேன்."

"பண்ணிட்டிருந்தது வேணாம் மேடம். என்ன வேலை பண்றீங்க?"

"பல் செய்றேன்."

"எந்தப் பல்லு ரொம்பக் கஷ்டம்?" இது அப்பாவின் பட்டியலில் இல்லாத கேள்வி. தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டுவிட்டாள்.

"மேல, கடைவாயில முதல் பல்லு. நாலு மேடு இருக்கும். நாலும் ஒரே உயரமா இருக்காது, அங்கதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க. நடுவுல குறுக்கால ஒரு வரப்பு ஓடும். அத வெட்டிட்டோம்னா பல்லு செத்துடும். முதல்ல பெரிய மேட்டப் பிடிக்கணும், அப்புறம் அதுலேர்ந்து மெதுவா இறக்கிட்டு வரணும்..."

குரல் நிமிர்ந்துகொண்டே போனது. பேசப் பேச அவள் வலது கை காற்றில் செதுக்குவது இடைவெளி வழியாக மெக்கானிக்கின் கண்ணில் பட்டது. துளி நடுக்கம் இல்லை. இடது கை மட்டும் எதையோ பொத்திப் பிடித்திருந்தது.

"சரி மேடம். எத்தனாவது மாடிக்குப் போகணும்?"

சின்னவள்கூட மணியை நிறுத்திவிட்டாள்.

"ஆறாவது."

கதவுக்கு அடியில் இருந்த விரல் அகல இடைவெளி வழியாக முக்கோணச் சாவி வெளியே வந்தது.

"அம்மா, உன்கிட்டயா..." என்று பெரியவள் ஆரம்பித்தாள். மெக்கானிக் தலைக்கவசத்தின்மேல் கையை வைத்து அழுத்தினார், அது வாய்வரை இறங்கியது. குனிந்து சாவியை எடுத்தார். இரும்பு கதகதப்பாக இருந்தது. பையில் கிடந்து இப்போதுதான் கைக்கு வந்த சாவி அவ்வளவு சூடாக இருக்காது.

அவர் கதவைத் திறந்தார். அவள் வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் திரும்பி அவரைப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் அவர் வாய் தானாகத் திறந்தது. பெரியவள் முறைத்தாள்.

"பஸ்ஸா, ஆட்டோவா மேடம்?" என்றார் மெக்கானிக்.

"ஆட்டோதான். நேரமாச்சுல்ல" என்று சிரித்துவிட்டு, படிகளில் வேகமாக இறங்கிப் போனாள்.