தபாவா நடாத மரங்கள்

தபாவா எனக்கு அத்தை மகள். பாலைவனத்து ஓரத்தில் தன்மைரோ என்கிற எங்கள் ஊரில் அத்தை மகளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசினால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் ஒருவரையொருவர் வம்புக்கு இழுக்க வேண்டும், வாய்க்கு வந்தபடி ஏச வேண்டும், ஏச்சு வாங்கியவர் கோபப்படக் கூடாது. அதுதான் முறை. அவள் என்னைக் கண்டால் "வந்துட்டான்யா சோத்து மாடு" என்பாள். நான் அவளை ஒட்டகச்சி என்பேன், கழுத்து அப்படி. ஆனால் எனக்கு வயதாகிவிட்டது. மனதில் இருப்பதைச் சொல்லாமலே போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் இன்று முறையை மீறி, அந்த ஒட்டகச்சிக்கு நன்றி சொல்லப் போகிறேன்.

அவளைக் கட்டிக் கொடுத்தது வேறு ஊரில். புருஷன் வறண்ட மாதங்களில் எல்லோரையும் போல கானோ பட்டணத்துக்குச் சுமை தூக்கப் போனவன், அங்கேயே காய்ச்சலில் செத்துப் போனான். இரண்டு பிள்ளைகளோடும் வயிற்றில் ஒன்றோடும் அவள் பிறந்த ஊருக்குத் திரும்பி வந்தாள். என் அண்ணன் இனுசா ஊருக்கு வடக்கே இருந்த தன் நிலத்தை அவளுக்கு இரவலாகக் கொடுத்தார். இரவல் நிலம் என்றால் விளைந்ததில் ஒரு கட்டு சொந்தக்காரருக்கு, மீதி உழைத்தவருக்கு. கேட்கும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அண்ணன் அப்படியொன்றும் தாராளமாகக் கொடுத்துவிடவில்லை. அது வெறும் புழுதி. காற்று அடித்தால் நிலமே எழுந்து நடக்கும். அவராலேயே அதில் ஒன்றும் பிடுங்க முடியவில்லை.

மழைக்கு முன்னால் நிலத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். எங்கள் ஊரில் நல்ல விவசாயி என்றால் அவன் நிலம் மழித்த தலை போல இருக்க வேண்டும். பழைய மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். வருஷா வருஷம் அவற்றிலிருந்து தளிர் கிளம்பும். வருஷா வருஷம் அதை அடியோடு வெட்டி எரித்துவிட்டு, மரமே வர மாட்டேன் என்கிறதே என்று புலம்புவோம். இதில் இருக்கும் கோளாறு எங்கள் பாட்டன் காலத்திலிருந்து ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

தபாவாவுக்குச் சரியாக அந்தச் சமயத்தில்தான் பிள்ளை பிறந்தது. பெற்றவள் நாற்பது நாள் வீட்டுக்குள் இருந்து வெந்நீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். வெளியே வந்து பார்த்தால் முதல் மழை விழுந்துவிட்டது. நிலமெங்கும் காவோ என்கிற முள்மரத்தின் தளிர்கள் முழங்கால் உயரம் நிற்கின்றன. வெட்டுவதற்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, தளிர்களுக்கு நடுவே கிடைத்த இடத்தில் குழி பறித்துக் கம்பு விதைத்தாள். அந்த வழியாகப் போனவர்கள், ஆடு மேய்க்கக் காடு வளர்க்கிறாளா என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முறைப்பெண்ணைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்றால்தான் தப்பு.

அதற்குப் பிறகு புழுதிக்காற்று வந்தது. எல்லார் நிலத்திலும் கம்பு முளை மணலில் புதைந்து, நாங்கள் மறுபடி விதைத்தோம். அவளுடைய தளிர்களுக்கு அண்டையில் முளைத்த கம்பு மட்டும் புதையாமல் நின்றது. மணல் தளிர்களின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டது. தபாவா அதைக் கவனித்து வைத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் தெம்பு இருந்தும் வெட்டவில்லை. ஒவ்வொரு வேரிலும் நேராகப் போகிற ஒரு தண்டை விட்டுவிட்டு மற்றதைக் கழித்து விறகாக்கினாள்.

காவோ ஒரு கோணல் புத்தி பிடித்த மரம். மழை வந்து எல்லாம் பச்சை கட்டும்போது அது இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். கம்புக்கு வெயில் தடைபடாது. ஊரே காய்ந்து கிடக்கும்போது அது துளிர்த்து நிழல் கொடுக்கும், ஆட்டுக்கு நெற்று போடும். மரங்கள் ஆள் உயரம் தாண்டியதும் மாடு மேய்த்து ஊர் ஊராகப் போகும் புலானிக்காரர்கள் வெயில் காலத்தில் மாடுகளை அங்கே அடைத்தார்கள். சாணம் அங்கேயே விழுந்தது. நிலம் நடப்பதை நிறுத்தியது.

அண்ணன் விழித்துக்கொண்டது அப்போதுதான்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் அப்பா வெளியூர்க்காரர் ஒருவருக்கு நிலம் இரவல் கொடுத்திருந்தார். அந்த மனிதர் அதில் மாமரம் வைத்தார். வழக்கு வந்தபோது ஊர்ப் பெரியவர்கள் எங்கள் வழக்கப்படியே தீர்ப்புச் சொன்னார்கள்: மரம் நட்டவருக்கு நிலம். அதன் பிறகு அப்பா அந்தப் பக்கம் போக நேர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார். அண்ணன் அதைப் பார்த்து வளர்ந்தவர். இரவல் நிலத்தில் மரம் நிற்பதைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் நேராக நிலத்துக்கே போய்விட்டார். நானும் கூடப் போனேன்.

"என்ன புள்ள, என் நிலத்துல உன் பேரை எழுதுறியா?"

தபாவா களைக்கொத்தைக் கீழே வைத்தாள். "நான் ஒன்னுகூட நடலை மச்சான். எல்லாம் உங்க நிலத்து வேரு. தானா வந்துச்சு, நான் வெட்டலை, அவ்வளவுதான். நெத்தும் உங்களுது, கட்டையும் உங்களுது. எனக்குக் கம்பு போதும்."

"இன்னைக்கு இப்படிச் சொல்லுவ. நாளைக்கு உன் பையன் வந்து எங்கம்மா வெச்ச மரம்பான்."

வெட்ட ஆள் சொல்லிவிட்டேன் என்றார் அண்ணன். மரங்கள் போனால் பழைய புழுதிதான் மிஞ்சும், மூன்று பிள்ளைகளோடு அவள் எங்கே போவாள் என்று கேட்டுப் பார்த்தேன். ஒட்டகச்சிக்குப் பரிந்து பேச வந்துட்டியா என்று என் மேல் எரிந்து விழுந்தார்.

நல்லவேளை, நடுவில் முஹர்ரம் பத்து வந்தது. அன்றைக்கு எல்லோரும் வயிறு முட்டச் சாப்பிட வேண்டும். அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் ஒருவர் பொருளை ஒருவர் பறிக்கலாம். பறிகொடுத்தவர் கேட்டதைக் கொடுத்துத்தான் மீட்க வேண்டும். முகம் சுளித்தால் ஊர் காறித் துப்பும். அண்ணன் பெரிய மனிதர், இந்த விளையாட்டெல்லாம் தன்னிடம் வராது என்று நினைத்துக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பினார். தபாவா சுவரோரம் காத்திருந்து, அவர் தலையிலிருந்த சிவப்புத் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அண்ணனுக்கு மண்டையில் ஒரு முடி கிடையாது. ஊருக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. பெண்கள் குலவையிட்டுச் சிரித்தார்கள். தொழுகைக்கு அழைப்பு வேறு ஆரம்பித்துவிட்டது.

அவர் வெற்றிலை பாக்குப் போல மெல்லுகிற கோலா கொட்டை தருகிறேன் என்றார். அவள் தலையை ஆட்டினாள். கோழி, ஆடு என்று ஏற்றிக்கொண்டே போனார். அவள் எதற்கும் மசியவில்லை.

"ஒரே ஒரு மழைக்காலம் அந்த மரங்களை விட்டு வைங்க மச்சான். தொப்பியைத் தந்துடறேன்."

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, முறைப்படி முகத்தைச் சிரித்தாற்போல வைத்துக்கொண்டார். "சரி. ஒரு விளைச்சல். அறுப்பு முடிஞ்ச மறுநாள் மரமும் போகும், நிலமும் என் கைக்கு வந்துடணும்." அவள் தொப்பியைத் தட்டித் தூசி போக்கிக் கொடுத்தாள். நிலத்தையே சேர்த்துக் கேட்பார் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. அது அவள் முகத்தில் தெரிந்தது.

அந்த வருஷம் காற்று எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. விதைத்ததெல்லாம் புதைந்தது, மறுபடி விதைத்தோம், அதுவும் புதைந்தது. விதைக்கு வைத்திருந்த கம்பு தீர்ந்த பிறகு காட்டு இலையை வேகவைத்துத் தின்றோம். அண்ணனின் மழித்த நிலத்தில் கதிர் என்று சொல்ல எதுவுமில்லை. தபாவாவின் நிலத்தில் மொட்டை மரங்களுக்கு நடுவே கம்பு தோள் உயரம் நின்றது.

அறுத்த அன்றே தலையில் கட்டு கட்டாக அண்ணன் வீட்டுக்குச் சுமந்தாள். கொடுக்க வேண்டியது ஒன்றுதான். அண்ணி போதும் போதும் என்று சொல்லியும் அவள் கேட்கவில்லை. திரும்பும் வழியில் என் வாசலிலும் கட்டுகளைப் போட்டுவிட்டு, "சோத்து மாட்டுக்குத் தீவனம்" என்றாள். என் சின்ன மகள் அப்போது எழுந்து நடக்கவே முடியாமல் கிடந்தாள். அன்றிரவு களி தின்றாள். இன்று அவளுக்குப் பேரன் இருக்கிறான். இதை நான் தபாவாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

அறுப்பு முடிந்த மறுநாள் வந்தது. அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வழியில் ஊர்த் தலைவரும் இரண்டு பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நிலம் கைமாறும்போது சாட்சி வேண்டும் அல்லவா? நிலத்தை எழுதி வாங்காத குறையாகப் பிடுங்கப் போகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கம்பை அவர் பிள்ளைகள் தின்று ஒரு நாள்கூட ஆகவில்லை.

தபாவா சொன்ன சொல் தவறாதவள். நிலத்தில் போட்டிருந்த பந்தலைப் பிரித்து, பாய், பானை, களைக்கொத்து எல்லாவற்றையும் துணியில் மூட்டை கட்டிவிட்டுப் பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தாள். காவோ மரங்கள் துளிர்விட ஆரம்பித்திருந்தன. அவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

தலைவர் வழக்கப்படி கேட்டார். "இந்த மரங்களை நட்டது யாரு?"

"யாரும் நடலைங்க, அது தானா" என்று தபாவா ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு" என்றார் அண்ணன். "என்கிட்ட கேக்கறாங்க." அவர் தலைவரைப் பார்த்தார். "தபாவாதான் நட்டா. ஒவ்வொன்னா நட்டா. நான் பார்த்தேன்."

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காவோவை யாரும் நடுவதில்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

"யோசிச்சுத்தான் சொல்றியா இனுசா? இந்த வார்த்தையைச் சொன்னா நிலம் உன் பிள்ளைங்களுக்குக் கிடையாது."

"தெரிஞ்சுதான் சொல்றேன். என்கிட்டன்னா தலையில கை வெச்சுப் பிடுங்கிக் கேட்டுக்குவா. என் பையனுங்களுக்கு அவ அத்தை, அவனுங்களோட இந்த விளையாட்டெல்லாம் கிடையாது. நாளைக்கு நான் போயிட்டா, அவனுங்ககிட்ட எந்த முறையில கேப்பா?"

தலைவர் மரங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "நட்டவளுக்கு நிலம்."

தபாவா கீழே உட்கார்ந்து மூட்டையை அவிழ்க்கப் பார்த்தாள். இறுக்கிக் கட்டிய முடிச்சு வரவில்லை. அண்ணன் குனிந்து அவிழ்த்துக் கொடுத்தார்.